பச்சைப் பொத்தான்

போன் அடித்தது. கையில்தான் வைத்திருந்தேன். எடுக்க முடியவில்லை.

பச்சைப் பொத்தானைக் கட்டைவிரலால் அமுக்கினேன். நகத்தை மடக்கி அமுக்கினேன். ஓரத்தில் அமுக்கினேன், நடுவில் அமுக்கினேன். போன் அதுபாட்டுக்குக் கத்திக்கொண்டே இருந்தது. அதன் உதறல் உள்ளங்கையிலிருந்து முழங்கை வரைக்கும் ஏறியது. சின்னக் கண்ணாடியில் தெரியாத நம்பர் ஒன்று மினுக்கிவிட்டு அடங்கிப்போனது.

அந்தப் பக்கம் எங்கள் வீட்டுக்காரர்தான் என்று எனக்குத் தெரியும். காலையில் போலீஸ் வேனில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். என்னைக் கூப்பிட வேறு யார் இருக்கிறார்கள்?

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உரக்கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். மடியில் பேப்பர், கையில் பேனா மூடி.

"எடுங்கக்கா. உங்க வீட்டுக்காரராத்தான் இருக்கும். அவர் வாயாலயே கேட்டுக்கங்க."

"எடுக்க வரலைங்க."

"எடுக்க வரலையா, பேச வரலையா?" என்று சிரித்தார்.

நான் அதிகம் பேசாதவள் என்பது ஊருக்கே தெரியும். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அன்றைக்கு வராமல் போனது பேச்சு இல்லை, பொத்தான்.

டிவி கொடுத்த ஆட்சியில்

இரண்டு வாரம் முன்னால் இதே பத்தியில் நான் ரிமோட் சரிபண்ணுவேன் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு என் மருமகள், "அத்தை, அதை ஏன் ஒரு வரியில விட்டீங்க?" என்று கேட்டாள். அதனால் அதையும் சொல்லிவிடுகிறேன். சொன்னால்தான் அந்தப் போன் கதை புரியும்.

டிவி கொடுத்த ஆட்சியில் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு கலர் டிவி வந்தது. திருவாரூர்ப் பக்கத்துச் சின்ன ஊர் எங்களுடையது. அதுவரைக்கும் எங்கள் தெருவில் யார் வீட்டிலும் டிவி இல்லை. டிவியோடு ஆளுக்கொரு ரிமோட்டும் வந்தது. பாலிதீன் உறையைக் கழற்றாமல், மேலே இன்னொரு உறை போட்டு, ரப்பர் பேண்டு சுற்றி வைத்துக்கொண்டோம்.

உறைக்குள் இருந்தால் என்ன? அமுக்குகிற கை எங்கள் கை. நாற்றுப் பறித்த கை, சாணி தட்டின கை, தவிடு புடைத்த கை. கொஞ்ச நாளில் சத்தம் கூட்டுகிற பொத்தான் வேலை செய்யாமல் போனது. எங்கள் வீட்டில்தான் முதலில் போனது.

எங்கள் வீட்டுக்காரர் அதைத் தொடையில் தட்டினார். தரையில் தட்டினார். பேட்டரியைக் கழற்றி வெயிலில் வைத்தார். பக்கத்து வீட்டு மல்லிகா, "அரிசிப் பானைக்குள்ள வச்சுப் பாருங்கண்ணே, ஈரம் இழுத்துக்கும்" என்றாள். அரிசிப் பானையில் வைத்தோம். தவிடு உள்ளே போய், இருந்த பொத்தான்களும் நின்றன.

எல்லோரும் நடவுக்குப் போன ஒரு நாள், கைமுட்டி வலியால் நான் வீட்டில் இருந்தேன். கொண்டை ஊசியை எடுத்து அந்த ரிமோட்டின் விளிம்பில் விட்டு நெம்பினேன். டப்பென்று இரண்டாகப் பிரிந்தது. உடைத்துவிட்டோம் என்று நினைத்தேன். வாசலை ஒரு தடவை பார்த்துக்கொண்டேன்.

உள்ளே பெரிதாக ஒன்றும் இல்லை. பொத்தான் எல்லாம் ஒரே ரப்பர் தகட்டில் கொப்புளம் கொப்புளமாக இருந்தது. தகட்டைத் திருப்பினால் ஒவ்வொரு பொத்தானுக்கு அடியிலும் ஒரு கறுப்புப் பொட்டு. கீழே பச்சைப் பலகை. அதில் இரண்டு சீப்பை எதிரெதிராக வைத்துப் பல்லோடு பல் கோத்த மாதிரி கோடுகள். பல் ஒன்றோடொன்று படவில்லை. கறுப்புப் பொட்டு வந்து உட்கார்ந்தால்தான் இந்தச் சீப்புக்கும் அந்தச் சீப்புக்கும் தொடர்பு.

சத்தம் கூட்டுகிற பொத்தானுக்கு அடியில் கறுப்பே இல்லை. தேய்ந்து வெளுத்துப்போய் இருந்தது. அவ்வளவுதான் நோய்.

அந்த இடத்தில் என்ன ஒட்டலாம் என்று யோசித்தேன். பளபளவென்று இருக்கிறதே என்று பாக்குப் பொட்டலத்தின் உள்தாளை வெட்டி வைத்தேன். வேலை செய்யவில்லை. பளபளப்புக்கு மேலே கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள் வேலை செய்தது. அதை எதை வைத்து ஒட்டினேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். சோற்றுப் பருக்கையை நசுக்கித்தான்.

எங்கள் பக்கத்தில் எதை ஒட்டினாலும் சோறுதான். கவர், காலண்டர், பட்டம், புத்தக அட்டை. சோறு ஒட்டாத பொருள் உண்டா? ஒட்டியது. மூன்றாம் நாள் ரிமோட்டின் வாய் வழியாகக் கட்டெறும்பு வரிசை கட்டிப் போய்க்கொண்டிருந்தது. அமுக்கினால் கைக்கு எறும்பு வந்தது, டிவிக்குச் சத்தம் வரவில்லை.

"உன் ரிமோட்டுக்கு விருந்தாளி வந்திருக்கு" என்று அவர் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

பிறகு சைக்கிள் கடைக்காரரிடம் பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன் கொஞ்சம் வாங்கினேன். ரப்பரோடு ரப்பரை அது பிடித்துக்கொள்ளும். வெள்ளித்தாளும் நாளாவட்டத்தில் கிழிந்துபோவதால் வேறு ஒன்று கண்டுபிடித்தேன். எந்த ரிமோட்டிலும் யாருமே தொடாத பொத்தான் நாலைந்து இருக்கும். எதற்கென்று கொடுத்தவனுக்கே தெரியாது. அதன் கறுப்புப் பொட்டு புதுசாக அப்படியே இருக்கும். அதை பிளேடால் சீவி எடுத்துத் தேய்ந்த இடத்தில் ஒட்டிவிடுவேன். பச்சைப் பலகையில் உள்ள சீப்பை, ஊசி போடுவதற்கு முன்னால் தடவுகிற ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டுத் துடைப்பேன்.

தெருப் பெண்கள் ஒவ்வொருவராக ரிமோட்டை முந்தானையில் மறைத்துக்கொண்டு வந்தார்கள். வந்து வைத்துவிட்டு அவர்களே பேசுவார்கள். நான் குனிந்து வேலை பார்த்தால் போதும், பதில் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு அந்த வேலை பிடித்துப்போனதற்கு அது ஒரு காரணம்.

ஆனால் போனை நான் தொட்டதே இல்லை. "இதையும் பாரேன், பச்சைப் பொத்தான் இறுகுது" என்று அவர் பல தடவை சொன்னார். ரிமோட் போனால் எழுந்து போய் டிவியில் அமுக்கிக்கொள்ளலாம். போன் போனால்? "கடையில குடுங்க" என்று சொல்லிவிடுவேன். அவரும் சேற்றுக் கையோடு அதை அமுக்கி அமுக்கியே ஓட்டிக்கொண்டிருந்தார்.

என் பேரில் ஒரு பட்டா

நிலமில்லாதவர்களுக்கு நிலம் என்று அதே ஆட்சியில் பட்டா கொடுத்தார்கள். வீட்டுப் பெண் பேரில்தான் கொடுப்போம் என்றார்கள். கூலிக்கு இறங்கின வயல் தவிர வேறு வயல் அறியாத கால் என்னுடையது. வடக்கு வாய்க்கால் ஓரம் ஒரு துண்டு என் பேருக்கு வந்தது. ஒட்டினாற்போல் மல்லிகா பேருக்கு ஒரு துண்டு.

உவர் மண்தான். தண்ணீரும் கடைசியாகத்தான் வந்து சேரும். ஆனாலும் முதல் அறுப்பில் வந்த நெல்லை அவர் கையில் அள்ளி என் கையில் கொட்டி, "உன் நெல்லும்மா" என்றார். எனக்குக் கூச்சமாக இருந்தது. "உங்க நெல்லுதான்" என்றேன்.

காகிதத்திலும் அப்படித்தான். பட்டா என் பேரில். அடங்கலில் சாகுபடி செய்கிறவர் என்று அவர் பேர். அடங்கல் என்பது எந்த வயலில் யார் என்ன பயிர் வைத்திருக்கிறார் என்று கிராம நிர்வாக அதிகாரி எழுதி வைக்கிற கணக்கு. அதனால் அந்த வயலில் எது நடந்தாலும் இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும்; மல்லிகா துண்டுக்கும் அப்படித்தான்.

டிவி கொடுத்த ஆட்சி போய் மிக்சி கொடுத்த ஆட்சி வந்தது. அதற்குப் பிறகு ஒரு மார்கழியில்தான் குழாய் வந்தது.

எரிவாயு கொண்டுபோகிற இரும்புக் குழாய், ஆள் குனிந்து நுழையலாம் போல இருந்தது. ரோட்டோரம் அடுக்கி வைத்திருந்தார்கள். வயலுக்குள் சிவப்புக் கொடி நட்டுக்கொண்டே வந்தார்கள். கொடி போகிற வழியில்தான் எங்கள் துண்டும் மல்லிகா துண்டும் இருந்தன. சம்பா அப்போதுதான் பால் பிடித்திருந்தது. கதிரை நசுக்கினால் நகத்தில் வெள்ளையாக ஒட்டும்.

"குழாய் மண்ணுக்கு அடியிலதான் போவும், மேல நீங்க பாட்டுக்கு நெல்லு போடலாம்" என்று ஜீப்பில் வந்தவர்கள் சொன்னார்கள்.

"வெடிச்சா?" என்று மல்லிகா கேட்டாள்.

"வெடிக்காதும்மா."

"வெடிக்காதுன்னா உங்க வீட்டுக்கு அடியில போட்டுக்கங்களேன்."

மல்லிகாவுக்கு வாய் அப்படி. அந்த வாய் உள்ளவளே அன்றைக்கு என்ன செய்தாள் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

அன்று காலை

மண் தோண்டுகிற மிஷின் வாய்க்கால் கரையில் வந்து நின்றதும் ஆண்கள் எல்லாம் வரப்பில் போய் உட்கார்ந்தார்கள். போலீஸ் வந்தது. கொஞ்சம் தள்ளுமுள்ளு. பிறகு வேனில் ஏற்றினார்கள். கல்யாண மண்டபத்தில் கொண்டுபோய் வைப்பார்கள் என்று பேசிக்கொண்டார்கள்.

அவர் வேனில் ஏறும்போது மடியிலிருந்து போனை எடுத்து என் பக்கம் நீட்டினார். "வச்சுக்க. யார் போன்லேர்ந்தாவது கூப்பிடறேன்" என்றார். மற்றவர்கள் போனோடுதான் போனார்கள். அதையெல்லாம் மண்டப வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்களாம். ஆக எங்கள் தெருவில் மிச்சம் இருந்தது அந்த ஒரு போன். மெயின்ரோட்டுக் கடையெல்லாம் சாத்தியிருந்தது.

வெயில் ஏறினதும் உரக்கடைக்காரர் வந்தார். பக்கத்து ஊர்க்காரர். எங்களுக்கு யூரியா கொடுப்பவர் அவர்தான், கெட்ட மனிதர் என்று யாரும் சொன்னதில்லை. கம்பெனிக்காரர்களுக்காக அவர் வீடு வீடாகக் கையெழுத்து வாங்குகிறார் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. முதலில் மல்லிகா வீட்டுக்குப் போனார். பிறகு எங்கள் வீட்டுக்கு வந்து, நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்தார்.

"அக்கா, மண்டபத்துல பேசி முடிச்சாச்சு. உங்க வீட்டுக்காரர் கையெழுத்து போட்டாச்சு. பட்டா உங்க பேர்ல இருக்கறதால உங்களுது ஒண்ணுதான் பாக்கி."

"அவரா போட்டாரு?"

"அவரேதான். பொழுது சாயறதுக்குள்ள ரெண்டும் சேந்துட்டா ஆள விட்டுடுவாங்க. இல்லன்னா கேசு. திருவாரூர் கோர்ட்டுக்கு அலையணும். அவர் இருமறது உங்களுக்குத் தெரியாதா?"

மார்கழிப் பனியில் அவருக்கு இழுப்பு வரும். மருந்து வீட்டு மாடத்தில் இருந்தது. அதை எடுத்துக்கொள்ளாமல் போய்விட்டார்.

மல்லிகா பின்னாலேயே வந்து கதவோரம் நின்றாள். அவள் கண்ணைப் பார்த்தேன். கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நான் போட்டுட்டேன்க்கா" என்றாள். "எங்க வீட்டுக்காரரே போட்டுட்டாருன்னு சொல்றாங்க. ஆம்பள போட்ட பிறகு நான் மட்டும் மாட்டேன்னு நின்னு என்ன ஆவப் போவுது? ஆள் வந்து சேரட்டும்."

உரக்கடைக்காரர் பேப்பரைத் திருப்பி மல்லிகா போட்ட கையெழுத்தைக் காட்டினார். கோணல் மாணலாக அவள் பேர். மை காயாமல் ஓரத்தில் இழுபட்டிருந்தது. அதை அவர் தன் போனில் ஒரு படம் பிடித்து யாருக்கோ அனுப்பினார்.

"அவர் போட்டதக் காட்டுங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"என்னக்கா?"

மல்லிகா எடுத்துச் சொன்னாள். "அண்ணன் போட்டதக் காட்டச் சொல்லுது."

"அது மண்டபத்துல இருக்கற பேப்பர்ல. இது வேற செட்டு." பேனாவின் மூடியைக் கழற்றி என் பக்கம் நீட்டினார்.

வாங்கிக்கொண்டேன். ஆமாம், வாங்கிவிட்டேன். அப்போதுதான் போன் அடித்தது. எடுக்க முடியாமல் போனதை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

உரக்கடைக்காரர், "நம்பரச் சொல்லுங்க, நான் போடறேன்" என்று தன் போனை எடுத்தார். காதில் வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தார். "ரிங்கு போவுது, எடுக்கல" என்றார். அவர் போட்டாரா, போட்ட மாதிரி வைத்துக்கொண்டாரா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

திரும்பவும் என் போன் அடித்தது. அதே நம்பர். நான்கு விரலாலும் மாற்றி மாற்றி அமுக்கினேன். மல்லிகா வாங்கி அமுக்கினாள். அடித்து ஓய்ந்தது.

"செத்துப்போச்சுக்கா அது. பாடை கட்டிடுங்க" என்றார் உரக்கடைக்காரர். "நீங்க போடுங்க, நேரமாவுது."

திறந்த போன்

நான் பேனாவைப் பேப்பர் மேல் வைத்துவிட்டு உள்ளே போனேன். கொண்டை ஊசி, தையல் ஊசி, ஸ்பிரிட், பஞ்சு. திரும்ப வந்து வாசலிலேயே முறத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஒரு வெள்ளைத் துணி விரித்தேன். உள்ளே வெளிச்சம் போதாது.

போனைத் திறந்தால் அது அணைந்துவிடும். அணைந்திருக்கிற நேரத்தில் அவர் கூப்பிட்டால்? இனி ஒரு தடவை யாராவது அவருக்குப் போன் கொடுப்பார்களா? திறக்காமல் இருந்தாலும் எடுக்க முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு பேட்டரியைக் கழற்றிவிட்டேன். கண்ணாடி கறுத்ததும், அவரை நானே எங்கோ அடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

கொண்டை ஊசி முனையால் திருகைக் கழற்றி, விளிம்பிலும் அதையே விட்டு நெம்பினேன். ரப்பர் தகடு வந்தது. திருப்பிப் பார்த்தேன்.

கறுப்புப் பொட்டே இல்லை.

இது ரிமோட் இல்லை. பலகையில் சீப்புப் பல்லும் இல்லை. ஒரு மெல்லிய ஒட்டுத்தாள் ஒட்டியிருந்தது. அதற்கு அடியில் பொத்தானுக்கு ஒன்றாக, எள்ளை விடக் கொஞ்சம் பெரிதாக, வெள்ளித் தொப்பிகள் கவிழ்ந்திருந்தன.

"தெரியாத வேலைல இறங்கிட்டீங்களே" என்றார் உரக்கடைக்காரர்.

"சும்மா இருங்களேன், அது வேல பாக்கட்டும்" என்றாள் மல்லிகா.

ஒட்டுத்தாளை ஒரு மூலையிலிருந்து தூக்கினேன். தொப்பிகள் தாளோடு ஒட்டிக்கொண்டே வந்தன. அடியில் வட்டத்துக்குள் வட்டமாக ஏதோ உலோகம் பூசியிருந்தது. மற்ற இடமெல்லாம் மஞ்சளாக மினுங்க, பச்சைப் பொத்தானுக்கு அடியில் மட்டும் களிம்பேறிக் கறுத்திருந்தது. அவர் கை வேர்வையும் வயல் தண்ணீரும். பஞ்சை ஸ்பிரிட்டில் தொட்டுத் துடைத்தேன். பழைய துணி நுனியை ஊசியில் சுற்றித் தேய்த்தேன். கறுப்பு விட்டுக்கொடுத்தது.

தொப்பியைப் பார்த்தேன். அதற்கும் நோய் இருந்தது. மற்றத் தொப்பிகளை ஊசியால் தொட்டால் டிக் டிக்கென்று எழுந்து நின்றன. இது எழவில்லை. அமுங்கி அமுங்கிச் சப்பையாகியிருந்தது.

யாருமே தொடாத பொத்தான் எது என்று தேடினேன். கீழ்வரிசையில் வலது ஓரம், குறுக்கும் நெடுக்குமாக இரண்டிரண்டு கோடு போட்ட பொத்தான். நாங்கள் அதை ஒரு நாளும் அமுக்கியதில்லை. அதன் தொப்பியை ஊசி முனையால் தாளிலிருந்து பிரித்தேன்.

பிரித்த வேகத்தில் அது துள்ளிவிட்டது.

எங்கே போனது என்று தெரியவில்லை. துணியில் இல்லை, முறத்தில் இல்லை. மல்லிகா தரையைக் கையால் துழாவினாள். சிமெண்டுத் தரையில் காலையில் உதிர்ந்த நெல் உமியும் மணலும்தான் மினுங்கின. பார்க்கிற இடமெல்லாம் தொப்பியாகவே தெரிந்தது.

மிச்சம் பார்க்காத இடம் ஒன்றுதான். உரக்கடைக்காரரின் செருப்புக் காலுக்கு அடி.

எனக்குக் கேட்க வாய் வரவில்லை. அந்நிய ஆணைப் பார்த்துக் காலைத் தூக்கு என்று எப்படிச் சொல்வேன்?

மல்லிகா சொன்னாள். "கொஞ்சம் காலத் தூக்குங்க."

"எனக்கென்ன, நாட்டியமா ஆடறேன் இங்க?" என்றார். தூக்கினார். அடியில் இல்லை. நாற்காலிக் காலுக்கு ஓரமாக இருந்தது. அவர் காலைக் கீழே வைப்பதற்குள் விரலை ஈரம் பண்ணி ஒட்டி எடுத்துக்கொண்டேன்.

பச்சைப் பொத்தானின் இடத்தில் வைத்தேன். தாளை இழுத்து ஒட்டினேன். ரப்பர், மூடி, திருகு, பேட்டரி. உயிர் வருகிற பொத்தானை அமுக்கிக்கொண்டு காத்திருந்தேன். கண்ணாடி வெளுத்தது. சிக்னல் கோடு ஒவ்வொன்றாக ஏறியது.

கூப்பிட்டுப் பார்க்கலாம் என்று நினைக்கும்போதே போன் அடித்துவிட்டது.

அந்தப் பக்கம்

அமுக்கினேன். டிக்கென்றது. சத்தம் நின்றது. ஒரு நொடி, அணைந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"ஏ, கேக்குதா?" அவர் குரல்.

"கேக்குது."

"எத்தன தடவ போடறது? எடுக்க மாட்டியா? இது வாட்ச்மேன் போனு. அந்தாளு பாவம்."

"மருந்து எடுத்துக்காம போயிட்டீங்களே."

"அது கெடக்கட்டும். ஏன் என்னைய ஒரு வார்த்த கேக்காம போட்ட?"

"என்ன போட்டேன்?"

"கையெழுத்து. இங்க ஒரு ஆளு பேப்பரோட நிக்கிறாரு. நீ வீட்டுல போட்டுட்டியாம். பட்டாக்காரியே போட்டப்புறம் நீ போடாம இருந்து என்ன பண்ணப் போறேங்கறாரு. உன் நெலம், உன் இஷ்டம். ஆனா ஒரு வார்த்த..."

அவருக்கு இருமல் வந்தது. அது ஓயும் வரைக்கும் நான் உரக்கடைக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு நேரம் நான் எந்த ஆணையும் நேராகப் பார்த்ததில்லை. அவர் பேப்பரை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"நான் போடல" என்றேன்.

"என்னது?"

"நான் போடல. நீங்க போட்டாச்சுன்னு சொல்லி இங்க ஒருத்தர் உக்காந்திருக்காரு."

அந்தப் பக்கம் பாத்திரம் கழுவுகிற ஓசை மட்டும் தூரத்தில் கேட்டது.

"நான் போடல" என்றார். பிறகு மெதுவாக, "போட்டுடாத" என்றார்.

"நீங்களும் போட்டுடாதீங்க."

"ம்."

லைன் போய்விட்டது.

உரக்கடைக்காரர் எழுந்திருக்கவில்லை. "அக்கா, நான் எனக்குச் சொன்னதச் சொன்னேன். என்னையே அவங்க அப்படித்தான் நம்ப வச்சாங்க. இப்பவும் ஒண்ணும் குடிமுழுகிப் போயிடல. நிதானமா யோசிங்க" என்று ஆரம்பித்தார். குரல் அதே மாதிரி வழவழவென்றுதான் இருந்தது.

எனக்கு அவரைத் திட்டத் தெரியாது. யாரையும் திட்டத் தெரியாது. மூலையில் சாத்தியிருந்த விளக்குமாற்றை எடுத்தேன்.

"விளக்கு வைக்கிற நேரம் ஆவப் போவுது. வாசல் கூட்டணும். நாற்காலிய எடுத்துக்கறேன்" என்றேன்.

வெயில் இன்னும் தெருவில்தான் கிடந்தது. அவர் வெயிலைப் பார்த்தார், விளக்குமாற்றைப் பார்த்தார். பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டு போய்விட்டார். ஒருவர் படி இறங்கின கையோடு வாசலைக் கூட்டக் கூடாது என்பார்கள். நான் கூட்டினேன்.

கையெழுத்து இல்லாத வயலில் மிஷின் இறங்கவில்லை. அந்தச் சம்பாவை நாங்கள் அறுத்தோம். பொழுது சாய்ந்ததும் மண்டபத்தில் இருந்த எல்லோரையும் விட்டுவிட்டார்கள், போட்டவரையும் போடாதவரையும். ஆனால் இதைச் சொல்லி முடித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

கூட்டி முடித்துத் திரும்பியபோது மல்லிகா நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"அக்கா" என்றாள். "அப்ப எங்க வீட்டுக்காரரும் போடலையா?"

கடைசியாக வந்த நம்பரை எடுத்துப் பச்சைப் பொத்தானை அமுக்கினேன். டிக்கென்று போனது. மணி அடிக்கிற சத்தம் கேட்டதும் அவள் கையில் கொடுத்தேன். அவளுக்குப் பிடிக்கத் தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக் காதில் அழுத்திக்கொண்டாள்.

வாட்ச்மேன்தான் எடுத்தார் போலிருக்கிறது. தன் வீட்டுக்காரர் பேரைச் சொல்லத் தயங்கி, அடையாளம் சொல்லிக் கூப்பிடச் சொன்னாள். காத்திருந்தாள். நானும் காத்திருந்தேன்.

"நாந்தான்" என்றாள் மல்லிகா. "நீங்க கையெழுத்து போட்டீங்களா?"

அந்தப் பக்கம் சொன்னது எனக்கு முழுதாகக் கேட்கவில்லை. அந்த ஆள் எப்போதும் உரக்கப் பேசுகிறவர், அன்றைக்குத் தணிந்து பேசினார். நடுவில் சில வார்த்தைகள் மட்டும் வந்து விழுந்தன. "போன்ல படம் காட்டினாங்க... உன் எழுத்துதான... நீயே போட்டப்புறம்... இப்பத்தான், சித்த முன்னாடி..."

போனை நான் திறந்து வைத்துக்கொண்டு தொப்பியைத் தேடின நேரமாக இருக்குமோ என்று எனக்குத் தோன்றியது. அவளுக்கும் தோன்றியிருக்கும். அவள் ஒரு நாளும் அதைக் கேட்டதில்லை.

மல்லிகாவின் அந்த வாயில் ஒரு வார்த்தை வரவில்லை. அந்தப் பக்கம் "மல்லி, மல்லி" என்று கூப்பிடுவது கேட்டது. பிறகு அதுவும் நின்றுவிட்டது. அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. வாய்க்கால் பக்கம் மிஷினைக் கிளப்புகிற சத்தம் வந்தது.

அவள் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி, சிவப்புப் பொத்தானை நான்தான் அமுக்கினேன்.